பட்டுப்புழுவின் ஹார்மோன்கள்
பட்டுப்புழுவின் வளர்ச்சியை முக்கியமாக இரண்டு ஹார்மோன்கள் நடத்துகின்றன. எக்டைசோன் தோலுரிக்கச் செய்யும். இளம்பருவ ஹார்மோன் புழுவைப் புழுவாகவே வைத்திருக்கும். நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்தை எட்டிய புழுவில் பின்னது குறைந்து முன்னது கூடும்போது, அது தீனியை விட்டுக் கூடு கட்டத் தொடங்கும்.

1954இல் ஜெர்மானிய அறிஞர்கள் புடெனான்ட், கார்ல்சன் இருவரும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து எக்டைசோனைப் பிரித்தெடுத்தனர். கிடைத்தது 25 மில்லிகிராம். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்!

இவ்வகைப் பொருள் சில செடிகளிலும் உண்டு. அதைக் கொண்டு மைசூரிலுள்ள மத்தியப் பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் 'சம்பூர்ணா' என்ற மருந்தை உருவாக்கியது. சில புழுக்கள் முதிரத் தொடங்கியதும் இதைத் தண்ணீரில் கலந்து மல்பெரி இலைமீது தெளித்துக் கொடுத்தால், மற்றவையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முதிரும். முதிர்ந்த புழுக்களை இரவும் பகலும் பொறுக்கும் வேலை குறையும். தருமபுரி, ஓசூர்ப் பக்கம் வீட்டாரே புழு வளர்க்கும் குடும்பங்களுக்கு இது சிறிய உதவியல்ல.

இளம்பருவ ஹார்மோனைப் போன்ற செயற்கைப் பொருளை மிகச் சிறிதளவு, உரிய நாளில் கொடுத்தால் புழு கூடுதலாகத் தின்று பெரிய கூடு கட்டும். அளவு மீறினால் கூடே கட்டாது. இவ்வகைப் பொருள்களே பூச்சிக்கொல்லியாகவும் விற்கப்படுகின்றன. இத்தாலியில் பழத்தோட்டங்களில் தெளித்த ஃபெனாக்சிகார்ப் மல்பெரி இலைகளிலும் படிந்ததால், புழுக்கள் கூடு கட்டாமலே மடிந்தன. பட்டு வளர்ப்பே அங்கு நொடித்தது. நம் நாட்டில் வெள்ளை ஈக்குத் தெளிக்கும் பைரிப்ராக்சிஃபெனும் இவ்வகையே. மல்பெரித் தோட்டத்தை ஒட்டிய பருத்தி வயலில் அதைத் தெளிப்பவர் முதலில் காற்று வீசும் திசையைப் பார்க்க வேண்டும்.