ஆடித்தபசு நாளை வகுப்பது பௌர்ணமியா, உத்திராடமா? சங்கரன்கோவில் திருவிழாவை முன்வைத்துத் தமிழ் நாட்காட்டி மரபு குறித்த விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் சங்கரநாராயணர் திருக்கோயிலில் ஆண்டுதோறும் நிகழும் ஆடித்தபசுத் திருவிழா, ஆடிப் பௌர்ணமியும் உத்திராட நட்சத்திரமும் கூடிய நாளில் நடைபெறுவதாகப் பொதுவாக எழுதப்பெறுகின்றது. 2022 முதல் 2025 வரையிலான நான்கு ஆண்டுகளின் விழா நாட்களைத் திருக்கணித முறையோடு ஒப்பிட்டு, நாளை வகுப்பது உத்திராடமே என்பதையும், பௌர்ணமி அதனோடு ஒட்டிவரக் காரணம் யாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: ஆடித்தபசு, கோமதி அம்மன், உத்திராடம், திதி, சௌரமான மாதம், விரத நாள்.

முன்னுரை

தமிழ் நாட்காட்டியில் விழாக்களும் விரதங்களும் ஒரே அளவுகோலால் குறிக்கப்படுவதில்லை. பொங்கல், ஆடிப்பெருக்கு போன்றவை சூரிய மாதத்தின் தேதியைக் கொண்டு அமைபவை. ஆடிச் செவ்வாய், புரட்டாசிச் சனி ஆகியன மாதத்தோடு கிழமையைச் சேர்ப்பவை. ஆடி அமாவாசை மாதத்தோடு திதியைச் சேர்ப்பது. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம் ஆகியவற்றில் மாதத்தோடு நட்சத்திரம் சேர்கின்றது. இவற்றுள் இறுதி வகையே தமிழகக் கோயில் விழாக்களில் பெரும்பான்மை எனலாம். ஐப்பசி ஓணம், தைப்பூசம், பங்குனி உத்திரம் ஆகியவற்றைப் பெயர் சுட்டிச் சொல்லும் சம்பந்தரின் பூம்பாவைத் திருப்பதிகம் இம்மரபின் பழமைக்குச் சான்று. ஆடித்தபசு எவ்வகையைச் சார்ந்தது என்பதில் மட்டும் ஒரு மயக்கம் நீடிக்கின்றது.

விழாவும் அதன் பொருளும்

சங்கன், பதுமன் என்னும் நாக அரசர்களுள் முன்னவன் சிவனையும் பின்னவன் திருமாலையும் உயர்ந்த தெய்வமாகக் கொண்டு வாதிட்டனர் என்றும், இருவரும் ஒருவரே என்பதைக் காட்டியருள வேண்டி அம்மை புன்னை வனத்தில் தவமிருந்தார் என்றும், இறைவன் ஒருபாதி சங்கரனும் ஒருபாதி நாராயணனுமாக அவருக்குக் காட்சி தந்தார் என்றும் தலபுராண மரபு கூறுகின்றது. அம்மையுடன் தேவர்கள் பசுக்களாக வந்தமையால் கோமதி, ஆவுடையம்பாள் என்னும் பெயர்கள் அமைந்தன என்பது அம்மரபின் விளக்கம். கோயிலில் சங்கரலிங்கர், சங்கரநாராயணர், கோமதி அம்மன் ஆகியோருக்குத் தனித்தனிச் சன்னிதிகள் உள்ளன. புற்றுமண் இங்குப் பிரசாதமாக வழங்கப்பெறுவது நாக வழிபாட்டுத் தொடர்பின் எச்சமாகும்.

இக்கதையில் விரதம் பூண்பவர் அம்மையே என்பது கவனத்திற்குரியது. கேதார கௌரி விரதத்திலும் இதே அமைப்பு உண்டு. அங்கு அம்மை வேண்டிப் பெறுவது இறைவன் திருமேனியில் தனக்கான பாதியை. இங்கு அவர் தமக்கென எதையும் வேண்டவில்லை. அப்பாதி திருமாலுக்குச் செல்கின்றது. அடியவர்கள் கொடியேற்றத்திற்குப் பின் 101, 108 என எண்ணிக்கை வகுத்துக் கோயிலை வலம்வரும் ‘ஆடிச்சுற்று’, அம்மையின் தவத்தில் தாமும் பங்கேற்பதாகவே கருதப்படுகின்றது. எனவே, தபசு நாள் எது என்னும் வினா விழாக் குறிப்போடு நின்றுவிடுவதன்று. அது விரத நாள் பற்றிய வினாவும் ஆகும்.

கொடியேறிய 9-ஆம் நாள் தேரோட்டமும் 11-ஆம் நாள் தபசுக் காட்சியும் நிகழும். காட்சி நாளன்று அம்மன் தபசு மண்டபத்திற்கு எழுந்தருளித் தவக்கோலத்தில் இருப்பார். மாலையில் சுவாமி ரிஷப வாகனத்தில் சங்கரநாராயணராகவும், இரவில் யானை வாகனத்தில் சங்கரலிங்கராகவும் காட்சி தருவார். உழவர்கள் பருத்தி, மிளகாய் வற்றல், தானியம் முதலான விளைபொருள்களைச் சூறைவிடுவதும் அப்பொழுதே. விழாவின் உச்சம் மாலையிலும் இரவிலும் அமைகின்றது என்பதை இங்குக் குறித்துக்கொள்வது நலம். நாள் வகுப்பில் அதற்குப் பங்குண்டு.

நான்கு ஆண்டுகளின் சான்று

2022-இல் ஆகஸ்ட் 10 (ஆடி 25), 2023-இல் ஜூலை 31 (ஆடி 15), 2024-இல் ஜூலை 21 (ஆடி 5), 2025-இல் ஆகஸ்ட் 7 (ஆடி 22) ஆகிய நாட்களில் தபசுக் காட்சி நடைபெற்றது. பௌர்ணமித் திதி நிறைவுற்றதோ முறையே ஆகஸ்ட் 12 காலை, ஆகஸ்ட் 1 நள்ளிரவு, ஜூலை 21 பிற்பகல், ஆகஸ்ட் 9 பிற்பகல். நான்கில் ஓர் ஆண்டில் மட்டுமே காட்சி நாளும் பௌர்ணமி நாளும் ஒன்றாயின. அவ்வாண்டிலும் பௌர்ணமித் திதி பிற்பகல் 4 மணிக்கு முன்பே முடிந்துவிட்டது; மாலைக் காட்சி தேய்பிறைப் பிரதமையில் நிகழ்ந்தது. ஏனைய மூன்று ஆண்டுகளிலும் மாலையில் நடந்த திதி சதுர்த்தசி. ஆக, திருக்கணிதப்படி இந்நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட மாலைக் காட்சி பௌர்ணமித் திதியில் அமையவில்லை.

உத்திராடத்தை வைத்து நோக்கினால் நான்கும் ஒழுங்குபடுகின்றன. ஆயினும் சூரிய உதயத்தில் நிற்கும் நட்சத்திரமே அந்நாளின் நட்சத்திரம் என்னும் பொதுவிதி இங்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை. 2025-இல் உத்திராடம் ஆகஸ்ட் 7 பிற்பகல் 2 மணியளவில் தொடங்கி மறுநாள் பிற்பகல் இரண்டரை மணியளவில் முடிந்தது. உதயவிதிப்படி ஆகஸ்ட் 8 உத்திராட நாளாகும். ஆனால் அன்று மாலை திருவோணம் வந்துவிடுகின்றது. 2023-இல் ஜூலை 31 மாலை 7 மணியளவில் தொடங்கிய உத்திராடம் மறுநாள் மாலை 4 மணியளவில் முடிந்தது. 2022-இலும் உதயத்தில் உத்திராடம் நின்ற நாள் ஆகஸ்ட் 11. மூன்று ஆண்டுகளிலும் விழா முந்தைய நாளிலேயே நிகழ்ந்துள்ளது. காட்சிக்குரிய மாலை, இரவு வேளையில் உத்திராடம் நிற்க வேண்டும் என்பதே இங்குச் செயற்படும் விதி என இதனால் கொள்ளலாம். வாக்கியப் பஞ்சாங்கத்தில் நட்சத்திர எல்லைகள் சில மணி நேரம் முன்பின்னாக அமையும் என்பதால், 2023 போன்ற எல்லைநிலை ஆண்டுகளில் எப்பஞ்சாங்கம் கைக்கொள்ளப்படுகின்றது என்பது முதன்மை பெறும்.

பௌர்ணமி ஏன் ஒட்டிவருகின்றது?

அவ்வாறாயின் ‘ஆடிப் பௌர்ணமி’ என்னும் வழக்கு வெறும் பிழையா? அவ்வாறு தள்ளிவிட இயலாது. ஆடி என்பது சூரியன் கடக இராசியில், அதாவது 90 பாகை முதல் 120 பாகை வரை, செல்லும் காலம். உத்திராடம் 266 பாகை 40 கலையில் தொடங்கி 280 பாகையில் முடிகின்றது. அதன் முதற்பாதம் தனுசிலும் ஏனைய மூன்று பாதங்கள் மகரத்திலும் அடங்கும். சூரியனிலிருந்து சந்திரன் விலகும் தொலைவு 12 பாகை கூடுந்தோறும் ஒரு திதி கழியும். ஆடி பிறக்கும் கணத்தில் சந்திரன் உத்திராடத்தின் இறுதியில் நின்றால் அவ்விலக்கம் 190 பாகை. திதி தேய்பிறைப் பிரதமை. ஆடி முடியும் கணத்தில் சந்திரன் உத்திராடத்தின் தொடக்கத்தில் நின்றால் விலக்கம் 146 பாகை 40 கலை. திதி வளர்பிறைத் திரயோதசி. ஆகவே, ஆடியில் வரும் எந்த உத்திராடமும் வளர்பிறைத் திரயோதசிக்கும் தேய்பிறைப் பிரதமைக்கும் இடைப்பட்டே அமையும். விழா மாலையில் வானில் நிறைமதியோ நிறைவை ஒட்டிய மதியோ இருந்தே தீரும். பௌர்ணமியைத் தனியே விதிக்க வேண்டிய தேவையே இல்லை.

பௌர்ணமி உத்திராடத்திலேயே நிறைவுற வேண்டுமாயின் சூரியன் 100 பாகையைக் கடந்திருத்தல் கூடாது. அதாவது ஆடியின் முதற் பத்து நாட்களுக்குள் பௌர்ணமி வர வேண்டும். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையே இது வாய்க்கும். பிற ஆண்டுகளில் பௌர்ணமி திருவோணத்திலும், ஆடியின் கடைசி வாரத்தில் அவிட்டத்திலும் நிறைவுறும். தலபுராணம் சொல்லும் பௌர்ணமி, உத்திராடக் கூட்டு இம்முதல்நிலையைக் குறிப்பது. வழக்கில் அதன் ஒரு கூறு மட்டுமே விதியாக நிலைத்துள்ளது.

பெயரும் இதற்கு அரண்செய்கின்றது. ஆடி என்பது ஆஷாடம் என்னும் சொல்லின் வழிவந்தது. உத்திராடம் உத்தர ஆஷாடம். சித்திரையில் சித்திரை, வைகாசியில் விசாகம், கார்த்திகையில் கார்த்திகை, மாசியில் மகம் என மாதத்திற்குப் பெயர் தந்த நட்சத்திரத்தில் விழாக் கொள்ளும் வரிசையில் ஆடி உத்திராடமும் ஒன்று. ஆடிப்பூரம் இவ்வரிசையில் சேராது என்பதும் இவ்விடத்தில் கருதத்தக்கது.

இவ்விழா சாந்திரமான மாதத்தைச் சார்ந்ததன்று என்பதற்கும் அதே நான்கு ஆண்டுகள் போதும். 2024-இல் தபசை ஒட்டி வந்தது ஆஷாட பௌர்ணமி. 2022, 2025 ஆண்டுகளில் சிராவண பௌர்ணமி. 2023-இல் அதிக சிராவண பௌர்ணமி. சாந்திரமான முறையில் இவை வெவ்வேறு மாதங்கள். தமிழ் மரபில் எல்லாம் ஆடியே. மறுதலையாக, 2025-இல் ‘ஆவணி’ அவிட்டம் ஆடி 24-இல் வந்தது, அது சிராவண பௌர்ணமியைப் பின்பற்றுவதால். ஆடித்தபசிலும் இத்தகைய பெயர் முரண் ஒன்று உண்டு. காட்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணியே கொடியேற்றம் குறிக்கப்படுவதால், 2024-இல் ஆடி விழாவின் கொடி ஜூலை 11 அன்று, ஆனி 27-இல் ஏறியது.

பயன்பாடு

பௌர்ணமியைக் கொண்டு நாட்காட்டியில் விரத நாள் குறிப்போர், குறிப்பாக வெளிநாடுகளில் வாழ்வோர், 2025 போன்ற ஓர் ஆண்டில் தபசு முடிந்து இரண்டு நாட்களுக்குப் பின் விரதமிருக்க நேரும். அம்மைக்குக் காட்சி கிடைத்துவிட்ட பின்னர்த் தொடங்கும் தவம் அது.

கல்வெட்டு, ஆவண ஆய்வுக்கும் இக்கணக்கு உதவும. இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பல, மாதம், பக்கம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றை ஒருங்கே தருகின்றன. 1922-இல் வெளிவந்த எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் ‘இந்தியன் எஃபிமெரிஸ்’ அட்டவணைகளைக் கொண்டு ஆண்டைத் தேடும் முன்னரே, இக்கூறுகள் தம்முள் பொருந்துகின்றனவா என்று சோதிக்க மேற்கண்ட எல்லையே போதுமானது. கடக ஞாயிறும் உத்திராடமும் குறிக்கப்பெற்ற ஓர் ஆவணத்தில் திதி நவமி என்று படிக்கப்பட்டிருந்தால், ஆண்டைத் தேடுவதற்கு முன் அப்படியை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும்.