வலி – 9: பாச்சை உருண்டைக்குப் பதில் வந்த பொட்டலம்

சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கும் பாரசிட்டமாலின் கதை ஒரு மருந்துக்கடைக்காரரின் கைத்தவறில் தொடங்குகிறது. ஆண்டு 1886; இடம், அன்று ஜெர்மனியின் ஆளுகையில் இருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரம். அங்கே பேராசிரியர் குஸ்மாலின் கீழ் வேலை பார்த்த ஆர்னால்ட் கான், பால் ஹெப் என்ற இரு இளம் மருத்துவர்கள், குடல்புழுவுக்கு நாப்தலீன் கொடுத்துவந்தார்கள். நாப்தலீன் வேறொன்றுமில்லை, பீரோவில் துணிக்கு நடுவே போடும் பாச்சை உருண்டைதான். அதை அந்தக் காலத்தில் உள்ளுக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நோயாளிக்கு அதனால் புழு ஒன்றும் போகவில்லை. ஆனால் கூடவே இருந்த காய்ச்சல் மளமளவென்று இறங்கிவிட்டது.

காட்டிக்கொடுத்தது வாசனை. பாச்சை உருண்டையைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்தாலும் வெளியே தெரியும். இந்த மருந்திலோ அந்த நெடியே இல்லை. சாயத் தொழிற்சாலையில் வேதியியலாளராக இருந்த ஹெப்பின் உறவினர் ஒருவர் சோதித்துச் சொன்னார்: கடையிலிருந்து வந்தது நாப்தலீனே அல்ல, சாயம் தயாரிக்கப் பயன்படும் அசிட்டனிலைடு. புழு மருந்து கேட்ட இடத்தில் காய்ச்சல் மருந்து கிடைத்துவிட்டது. ‘ஆன்டிஃபெப்ரின்’ என்ற பெயரில் அது உடனே விற்பனைக்கும் வந்தது. காய்ச்சலைப் போலவே தலைவலியும் அதற்கு அடங்கியது. ஆஸ்பிரின் சந்தைக்கு வர அப்போது இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன.

மருந்தோடு ஒரு வினோதமும் வந்தது. சாப்பிட்டவர்களில் சிலருக்கு உதடும் நகக்கண்ணும் நாவற்பழம் தின்ற நாக்கைப் போல நீலம் பாய்ந்தன. அசிட்டனிலைடு உடைந்து உண்டாகும் அனிலின், சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினைக் கெடுத்து, ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாததாக ஆக்கிவிடுகிறது. அப்படிக் கெட்ட ரத்தம் சாக்லேட் பழுப்பில் இருக்கும். காற்றுப் பட்டாலும் சிவக்காது.

மாற்று தேடியபோது சாயக் கம்பெனியான பேயர் முந்திக்கொண்டது. அதன் கொல்லையில் பாரா நைட்ரோஃபீனால் என்ற கழிவு மலையாகக் குவிந்துகிடந்தது. அதிலிருந்து ஃபினசெட்டின் தயாரித்து 1888 வாக்கில் விற்கத் தொடங்கினார்கள். தலைவலிப் பொடிகளில் அது பல பத்தாண்டுகள் ஓடியது. தினசரி விழுங்கியவர்களின் சிறுநீரகம் கெடுவது பின்னால்தான் தெரிந்தது; அமெரிக்காவில் 1983-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

இத்தனைக்கும் பாரசிட்டமால் அப்போதே கையில் இருந்தது. அமெரிக்க வேதியியலாளர் ஹார்மன் மோர்ஸ் 1878-லேயே அதைத் தயாரித்துவிட்டார். 1893-ல் ஜெர்மானிய மருத்துவர் ஃபான் மேரிங் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, இதுவும் ரத்தத்தைக் கெடுக்கிறது என்று எழுதிவைத்தார். அவர் கையில் இருந்த சரக்கில் கலப்படம் இருந்திருக்க வேண்டும் என்பதே இன்றைய கணிப்பு. பெரியவர் சொல்லிவிட்டார் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு விலை கொடுத்த அவசர முடிவுகள் அதிகம் இராது.

முடிச்சு அவிழ்ந்தது 1948-ல், நியூயார்க்கில். பெர்னார்ட் பிராடியும் ஜூலியஸ் ஆக்ஸல்ராடும் அசிட்டனிலைடு உடம்புக்குள் என்ன ஆகிறது என்று பின்தொடர்ந்தார்கள். ஆக்ஸல்ராட் அப்போது டாக்டர் பட்டம்கூட இல்லாத ஆய்வுக்கூட உதவியாளர். மருத்துவக் கல்லூரிகள் இடம் தரவில்லை. அமோனியா புட்டி வெடித்து ஒரு கண்ணின் பார்வையும் போயிருந்தது. (அவருக்குப் பட்டம் கிடைத்தது 1955-ல், நோபல் பரிசு 1970-ல்.) இருவரும் கண்டது இதுதான்: விழுங்கிய அசிட்டனிலைடில் பெரும்பங்கை உடம்பே பாரசிட்டமாலாக மாற்றிக்கொள்கிறது. வலியைத் தணித்தது அந்தப் பாரசிட்டமால்; நீலம் பாய்ச்சியது அனிலின். ஆக, அறுபது ஆண்டுகளாக மக்கள் பாரசிட்டமாலைத்தான் விஷம் கலந்து சாப்பிட்டுவந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1955-லும் பிரிட்டனில் 1956-லும் அது தனி மருந்தாக விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் குரோசின், கால்பால், டோலோ என்று பல பெயர்களில் விற்பது அதே பொருள்தான்.

இது வலியை எப்படித் தணிக்கிறது என்பதற்கு இன்றும் முழு விடை இல்லை. காயம்பட்ட இடத்து வீக்கத்தை ஆஸ்பிரின் குறைப்பது போல இது குறைப்பதில்லை; வேலை பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் நடக்கிறது. 2005-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டிய வழி சுவையானது. ஈரலில் உடைந்த பாரசிட்டமாலின் ஒரு துண்டு மூளைக்குப் போய், அங்குள்ள கொழுப்பு அமிலம் ஒன்றோடு சேர்ந்து புதுப்பொருளாகிறது. அந்தப் பொருள் போய் ஒட்டும் இடங்களில் ஒன்று டிஆர்பிவி1 என்ற ஏற்பி. மிளகாயைக் கடித்தால் சுரீரென்று எரிவதும் இதே ஏற்பியால்தான். அதை 1997-ல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. எரிச்சலைச் சொல்லும் அதே கதவு, மூளைக்குள் வலியைக் குறைக்கவும் உதவலாம் என்பது விலங்குகளில் கண்ட முடிவு. மனிதருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்ற விவாதம் முடியவில்லை.

எல்லா வலிக்கும் இது கேட்பதும் இல்லை. திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்ட 1,600-க்கும் மேற்பட்டவர்களிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. பாரசிட்டமால் சாப்பிட்டவர்களும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே நாள் கணக்கில்தான் குணமானார்கள்.

அளவு மீறினால் அடி ஈரலுக்கு. மருந்தில் சிறு பங்கு ஈரலில் ஒரு நச்சுப்பொருளாக மாறும். ஈரலில் இருக்கும் குளூட்டதயோன் என்ற பொருள் அதை உடனுக்குடன் அடக்கிவிடும். அந்தக் கையிருப்பு தீர்ந்ததும் நச்சு ஈரல் செல்களைத் தாக்குகிறது. முதல் நாள் லேசான குமட்டல். சிலருக்கு அதுவும் இல்லை. மஞ்சள் காமாலை தெரிவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்றுமருந்தை எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஈரல் ஏறக்குறைய முழுதாகத் தப்பும். ஆளோ அந்நேரம் நன்றாகவே இருப்பார், வீட்டில் யாருக்கும் ஆஸ்பத்திரி ஞாபகம் வராது. உடல்நலமுள்ள பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம். 650 மில்லிகிராம் மாத்திரையில் ஆறு. எடை குறைந்தவருக்கும், ஈரல் கெட்டவருக்கும், குடிப்பவருக்கும் அதிலும் குறைவு. கணக்கைக் கெடுப்பது சளி மாத்திரை: பலவற்றுக்குள் பாரசிட்டமால் இருப்பதால், தனியாக ஒன்று போட்டவர் இரட்டை அளவை விழுங்கியவராகிறார்.

மனிதருக்கே இப்படியென்றால், பாரசிட்டமாலைக் கழிக்கும் என்சைம் பூனைக்கு மிகக் குறைவு. ஒரு மாத்திரையே கொன்றுவிடும். பாம்பும் தாங்காது. பசிபிக்கில் உள்ள குவாம் தீவின் பறவைகளைத் தின்று தீர்த்த பழுப்பு மரப்பாம்பை ஒழிக்க, 80 மில்லிகிராம் பாரசிட்டமால் வைத்த செத்த சுண்டெலிகளை 2013-ல் ஹெலிகாப்டரிலிருந்து காட்டின்மேல் போட்டார்கள். தரையில் விழாமல் மரக்கிளையில் சிக்கட்டும் என்று ஒவ்வொரு எலிக்கும் காகிதப் பாராசூட் கட்டியிருந்தார்கள்.