எட்டாக மடித்த பழைய புடவை

காலரா கிருமியின் நீளம் ஒன்றிலிருந்து மூன்று மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் மைக்ரான். பழைய பருத்திப் புடவையை நான்கிலிருந்து எட்டு மடிப்பு மடித்தாலும் அதன் கண் சுமார் 20 மைக்ரான் இருக்கும். கிருமி தாராளமாக நழுவிவிடலாம். ஆனாலும் வங்கதேசக் கிராமங்களில் இந்தத் துணி காலராவைக் குறைத்தது. எப்படி?

முதலில் குளத்துக்குப் போவோம். அதில் கோப்பிபாட் என்ற பொடி உயிரி நீந்துகிறது. இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். வளர்ந்தது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இருக்கும். அதன் ஓடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. காலரா கிருமிக்குக் கைட்டின் தீனி, எனவே ஓட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒரே கோப்பிபாடில் பத்தாயிரம் கிருமிகள் வரை ஒட்டியிருக்கலாம். நீர் சூடேறினால் முதலில் பாசி பெருகும், பிறகு அதைத் தின்னும் கோப்பிபாட் பெருகும், பின்னாலேயே காலரா வரும். அதனால்தான் ஆய்வாளர்கள் வங்கக் கடலின் வெப்பத்தைச் செயற்கைக்கோள் வழியே கவனிக்கிறார்கள்.

இப்போது சமையலறை. சல்லடையில் எள்ளைக் கொட்டினால் கீழே உதிர்ந்துவிடும். அதே எள்ளைச் சீடை மாவில் பிசைந்து உருட்டிப் போடுங்கள். சீடை மேலேயே நிற்கும், எள்ளும் அதோடு நிற்கும். கிருமி எள், கோப்பிபாட் சீடை, புடவை சல்லடை. இதில் புதுப் புடவையைவிடப் பழையதுதான் உசத்தி. துவைத்துத் துவைத்து நூல் பிரிந்து பஞ்சாகி, கண்களை அடைத்துவிடுகிறது.

சரி, தனியாக மிதக்கும் எள்? அது தப்பத்தான் செய்யும். ஆனால் ஒன்றிரண்டு கிருமி உள்ளே போனால் வயிற்று அமிலமே பார்த்துக்கொள்ளும். நோய் வர ஆயிரக்கணக்கில், பெரும்பாலும் லட்சக்கணக்கில் வேண்டும். ஆக, எல்லாவற்றையும் பிடிக்க வேண்டியதில்லை. சீடைகளைப் பிடித்தால் கணக்கு குறைந்துவிடும்.

அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கால்வெல்லின் குழு இதை மத்லப் பகுதியின் 65 கிராமங்களில் மூன்றாண்டுகள் சோதித்தது. 2003இல் முடிவு வெளியானது: புடவையால் வடிகட்டியவர்களிடம் காலரா 48 சதவீதம் குறைந்திருந்தது. கூடவே சோதித்த நைலான் வலை 41 சதவீதம்தான்! கொதிக்கவைத்த நீர் இதைவிட மேல், சந்தேகமில்லை. ஆனால் அங்கே விறகுக்குப் பஞ்சம். பழைய புடவைக்கு எந்த வீட்டிலும் பஞ்சமில்லை. வீட்டில் செய்யும் பானங்களை அங்குள்ள பெண்கள் ஏற்கெனவே அதில்தான் வடிகட்டி வந்தார்கள்.

வடிகட்டியானதும் துணியை அப்படியே சுருட்டி வைக்கக் கூடாது. சீடையெல்லாம் இப்போது அதில்தானே இருக்கிறது? நன்றாக அலசி, வெயிலில் மொறமொறவென்று காயவிட வேண்டும்.