ஊசிமுனையில் உயிரணு

கூழ் ஊற்றினால் ஓடும்; களி வைத்த இடத்தில் நிற்கும். சமையலறையில் நாம் அறிந்த இவ்வேறுபாடே இன்று திசுப் பொறியியலின் ஒரு பெருஞ்சிக்கலாக உள்ளது. ஊசிக்குள் கூழாய் நெகிழ்ந்து, உடலுக்குள் களியாய் நிலைக்கும் பொருளொன்று அத்துறைக்குத் தேவைப்படுகிறது. ‘ஹைட்ரோஜெல்’ எனப்படும் அதனை இங்கு நீர்க்களி என்றே வழங்குவோம். பின்னிய நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள் மிகுந்த நீரைத் தம்முள் பிடித்துவைத்திருக்கும் வலையே அது.

மாரடைப்பால் சிதைந்த இதயத்தசை தானே மீள வளர்வதில்லை. புதிய உயிரணுக்களை ஊசிவழியே செலுத்தினால் பெரிய அறுவையைத் தவிர்க்கலாம் என்பது மருத்துவர்களின் நம்பிக்கை. ஆயின், உப்புநீர்மத்தில் கலந்து செலுத்தினால் உயிரணுக்களுட் பல ஊசியிலேயே மடிகின்றன.

எங்கே மடிகின்றன? குறுகிய ஊசியின் சுவரில் உராய்ந்தே என நினைக்கத் தோன்றும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாரா ஹைல்ஷார்ன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு வேறோர் இடத்தைச் சுட்டியது. அகன்ற குழலிலிருந்து ஊசிக்குள் நுழையும் வாயில்தான் அவ்விடம். அங்கே நீரோட்டம் திடீரென விரைகிறது. உயிரணுவின் முன்பகுதி முந்த, பின்பகுதி பின்தங்குகிறது. இழுபட்டு அதன் சவ்வு கிழிகிறது.

அவர்கள் தொப்புள்கொடிச் சிரையின் உட்சுவர் உயிரணுக்களைச் சோதித்தனர். வெறும் நீர்மத்தில் பிழைத்தவை 58.7 விழுக்காடு, மென்மையான அல்ஜினேட் நீர்க்களியில் 88.9 விழுக்காடு. அல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து பெறப்படுவது. (நம் விருந்துகளில் இடம்பெறும் அகர்அகர் சிவப்புப் பாசியின் கொடை.) களி இன்னும் இறுகினாலும் இளகினாலும் காப்புக் குறைந்தது. பிணைக்கப்படாத அல்ஜினேட் கரைசலோ வெறும் நீர்மத்தினும் தாழ்ந்தது! ஆகவே, காத்தது அப்பொருளன்று, அதன் பிணைப்பு. அழுத்தப்பட்ட ரம்புத்தானின் சுளை தோலைவிட்டு முழுதாய் வழுக்கி வருவதுபோல, களியின் விளிம்பு மட்டும் நெகிழ, நடுப்பகுதி குலையாமல் நகர்கிறது எனலாம்.

ஊசியைக் கடந்தபின் வேறு தேவைகள் எழுகின்றன. பல உயிரணுக்கள் எதையேனும் பற்றினாலன்றி வாழா. அல்ஜினேட்டிலோ பற்றுவதற்கு ஏதுமில்லை. அர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் ஆகிய மூன்று அமினோ அமிலங்களின் தொடரை அதனோடு இணைத்து, டேவிட் மூனி குழுவினர் 1999இல் இதற்கு வழிகண்டனர். உயிர்வளியும் வேண்டும், நுண்குருதிக்குழாயிலிருந்து ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டருக்கு அப்பால் அது போதிய அளவு சென்றெட்டுவதில்லை.

ஊசியைக் கடப்பதைவிடக் கடினமான தேர்வு, உரிய காலத்தில் களி விலகுவதே என்பது என் கருத்து. உயிரணுக்கள் தமக்கான தாங்குதளத்தை நெய்துகொள்ளும்போது களி இடம்விட வேண்டும். அல்ஜினேட்டைச் சிதைக்கும் நொதி மனித உடலில் இல்லை. அதன் சங்கிலிகளைப் பிணைத்த கால்சியம் சிறுகச் சிறுகக் கசிந்து வெளியேறும்போதுதான் வலை தளர்கிறது. அது எப்போது நிகழும் என முன்கூட்டிக் கணிப்பது எளிதன்று.