கழிவும் ஒளி தரும்

வீட்டுச் சமையலறையில் நாள்தோறும் காய்கறித் தோலும் பழத்தோலும் எஞ்சிய சோறும் கழிவாகச் சேர்கின்றன. ஈரம் மிகுந்த இவை விரைவில் அழுகும் இயல்புடையவை. பிற குப்பையுடன் கலந்து கிடங்கில் மலைபோல் குவிக்கப்படும்போது, காற்றுப் புகாத அடிப்பகுதியில் இவை அழுகி, மீத்தேன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. புவியை வெப்பமாக்குவதில் அது கரியமில வாயுவைக் காட்டிலும் பன்மடங்கு வலிமை உடையது. கிடங்குகளில் தீப்பற்றுவதற்கும் அது காரணமாகின்றது.

ஆயினும், அதே வாயுவை மூடிய கலனுக்குள் உண்டாக்கிச் சேமித்தால் நல்ல எரிபொருளாகும். இதற்கு, முதலில் உணவுக் கழிவை அரைத்து, நீர் சேர்த்துக் கூழாக்குவர். அக்கூழ் காற்றுப் புகாத செரிகலனுள் செலுத்தப்படும். அங்கு வாழும் நுண்ணுயிரிகள் அதனைச் சிதைத்து உயிரிவாயுவை உருவாக்கும். அதில் பாதிக்கு மேற்பட்ட பங்கு மீத்தேன் ஆகும்.

சுமார் 10 கிலோ உணவுக் கழிவிலிருந்து ஏறத்தாழ 1 கனமீட்டர் உயிரிவாயு கிடைக்கும். அதனைக் கொண்டு ஓர் அடுப்பை இரண்டு மணி நேரம் எரிக்கலாம். மின்னாக்கியை இயக்கினால் ஒன்றரை யூனிட் அளவுக்கு மின்சாரம் பெறலாம். அம்மின்சாரத்தில் 9 வாட் விளக்கு ஒன்று 150 மணி நேரத்திற்கு மேல் ஒளிரும். கலனில் எஞ்சும் கசடு பயிர்களுக்கு எருவாகும்.

இம்முறையைப் பெரிய அளவில் செயற்படுத்திய நகரம் மத்தியப் பிரதேசத்தின் இந்தூர். அங்கு 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆலை, நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவைக் கையாளும் வகையில் அமைக்கப்பட்டது. அதில் உருவாகும் வாயு தூய்மையாக்கப்பட்டு, அழுத்தப்பட்டு, நகரப் பேருந்துகளுக்கு எரிபொருளாகின்றது.

ஆலை எழுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அந்நகர மக்கள் ஈரக் கழிவையும் உலர் கழிவையும் வீட்டிலேயே தனித்தனியே பிரித்து வழங்கப் பழகியிருந்தனர். அப்பழக்கமே ஆலைக்கு அடித்தளம். ஈரக் கழிவில் நெகிழிப்பை கலந்தால் அரைக்கும் பொறி அடைபடும். வேதிப்பொருள் கலந்தால் நுண்ணுயிரிகள் மடியும். உடைந்த கண்ணாடி கலந்தால், அதனைப் பிரித்தெடுக்கும் தூய்மைப் பணியாளரின் கை குருதி சிந்தும்.

கழிவைப் பிரித்தே வழங்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. ஆனால், சட்டம் ஒவ்வொரு வீட்டின் குப்பைத் தொட்டியையும் காவல் காக்க இயலாது. ஒரு பழத்தோல் விளக்காவதும் குப்பை மலையில் நஞ்சாவதும், அது எந்தத் தொட்டியில் இடப்படுகின்றது என்பதைப் பொறுத்ததே. அம்முடிவை எடுப்பது வீட்டிலுள்ளோரின் கை.

சிந்தித்து விடையளிக்க:
1. மீத்தேன் எப்போது தீங்காகின்றது? எப்போது பயன் தருகின்றது?
2. உங்கள் வீட்டில் ஒரு வாரம் சேரும் உணவுக் கழிவை எடையிட்டு எழுதுக. அதிலிருந்து எவ்வளவு மின்சாரம் பெறலாம் எனக் கணக்கிடுக.