பிராக்டர் இறுக்கச் சோதனை

பிராக்டர் இறுக்கச் சோதனை என்பது, ஒரு மண்ணை எவ்வளவு ஈரத்துடன் இடித்தால் அது மிக நெருக்கமாகப் படியும் என்பதைக் கண்டறியும் ஆய்வகச் சோதனை ஆகும். சாலைகள், தொடருந்துப் பாதைக் கரைகள், மண் அணைகள், கட்டட அடித்தளங்களின் கீழ் இடப்படும் நிரப்பு மண் ஆகியவற்றுக்கான பணிகளில் இது பயன்படுகிறது. சோதனையின் முடிவு இரண்டு எண்களாகக் கிடைக்கும். அவை உச்ச உலர் அடர்த்தி, உகந்த ஈரப்பதம் எனப்படும்.

அடிப்படை

மண்ணில் திண்மத் துகள்கள், நீர், காற்று ஆகிய மூன்றும் கலந்துள்ளன. இறுக்குதல் என்பது இவற்றுள் காற்றை மட்டும் வெளியேற்றுவதாகும். கட்டடத்தின் பாரத்தால் களிமண்ணிலிருந்து ஆண்டுக்கணக்கில் நீர் கசிந்து வெளியேறி நிலம் அமிழ்வது வேறு நிகழ்வு, இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

மிக உலர்ந்த மண்ணின் கட்டிகள் கடினமாக இருப்பதால் இடிக்கு எளிதில் நெகிழ்ந்து கொடுப்பதில்லை. சிறிது நீர் சேர்த்தால் கட்டிகள் இளகித் துகள்கள் நெருங்குகின்றன. நீர் மேலும் கூடினால், துகள்கள் இருக்கவேண்டிய இடத்தை நீரே பிடித்துக்கொள்கிறது. நீரை அமுக்க இயலாது. ஓர் இடி விழும் நேரத்துக்குள் அது வெளியேறவும் முடியாது. எனவே ஈரப்பதத்துக்கு எதிராக உலர் அடர்த்தியை வரைந்தால் குன்று போன்ற வளைகோடு கிடைக்கிறது. திமிசுக்கட்டையால் தரை கெட்டிப்பவர்கள் முன்னதாகவே தண்ணீர் தெளிப்பதும் இக்காரணம் பற்றியே.

வரலாறு

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் நீர் வழங்கல் துறையில் பணியாற்றிய ரால்ஃப் பிராக்டர் 1933 ஆம் ஆண்டு எஞ்சினியரிங் நியூஸ் ரெக்கார்ட் இதழில் எழுதிய கட்டுரைகளில் இம்முறையை விளக்கினார். அதே துறை கட்டிய செயின்ட் பிரான்சிஸ் அணை 1928 மார்ச் 12 ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன் உடைந்ததில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது கற்காரை அணை. மண் இறுக்கக் குறைபாட்டால் உடைந்ததன்று. எனினும் அதன் கொள்ளளவை ஈடுசெய்யக் கட்டப்பட்ட பூக்கே கேன்யன் நீர்த்தேக்கத்துக்கு மண் அணைகள் தேவைப்பட்டன. அப்பணியின் சூழலில்தான் பிராக்டரின் முறை உருவானது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கனமான வானூர்திகளுக்கு ஓடுதளங்கள் தேவைப்பட்டபோது, அமெரிக்கப் படைப் பொறியாளர்கள் இடியின் ஆற்றலைக் கூட்டித் திருத்திய பிராக்டர் சோதனையை உருவாக்கினர்.

செய்முறை

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2720, பகுதி 7இன்படி, 1000 கன செ.மீ. கொள்ளளவுள்ள உருளை அச்சில் மண் மூன்று அடுக்குகளாக இடப்படும். ஒவ்வோர் அடுக்கும் 2.6 கி.கி. எடையுள்ள சம்மட்டியால், 310 மி.மீ. உயரத்திலிருந்து 25 முறை இடிக்கப்படும். பகுதி 8 கூறும் கனத்த இறுக்கத்தில் 4.9 கி.கி. சம்மட்டி, 450 மி.மீ. உயரம், ஐந்து அடுக்குகள். பின்னர் அச்சின் மேல்மட்டத்துக்கு மண் வழிக்கப்பட்டு எடை காணப்படும். சிறு மாதிரியொன்று 105 முதல் 110 பாகை செல்சியசில் அடுப்பில் உலர்த்தப்பட்டு ஈரப்பதம் அளக்கப்படும். ஈரத்தைப் படிப்படியாகக் கூட்டி ஐந்து முறையாவது இதனைச் செய்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, அச்சிலுள்ள ஈர மண்ணின் எடை 1980 கிராம், ஈரப்பதம் 12% எனில், ஈர அடர்த்தி 1.98, அதனை 1.12ஆல் வகுத்தால் உலர் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 1.77 கிராம் ஆகும்.

களிமண்ணில் நீர் பரவ நேரமாகும். நீர் கலந்தவுடன் இடித்தால் பிழையான வளைகோடு கிடைக்கும். ஆதலால் ஓர் இரவு மூடி வைப்பது வழக்கம். காற்றே இல்லாத நிலையைக் குறிக்கும் கோட்டை எந்தப் புள்ளியும் தாண்டலாகாது. தாண்டினால் அளவீட்டில் தவறு உள்ளது எனக் கொள்ளலாம்.

களத்தில் பயன்பாடு

ஆய்வக உச்ச அடர்த்தி 1.80 ஆகவும், மணல் மாற்று முறையில் களத்தில் அளந்தது 1.71 ஆகவும் இருந்தால் இறுக்க அளவு 95% ஆகும். ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இத்தகைய விழுக்காடே குறிக்கப்படுகிறது. ஆனால் இந்த எண் மட்டும் போதாது. ஒரே அடர்த்தியைக் குன்றின் உலர்ந்த பக்கத்திலும் ஈரமான பக்கத்திலும் எட்டலாம். மண்ணின் நடத்தையோ ஒன்றாக இராது. உலர்ந்த பக்கத்தில் இறுக்கிய மண் வலுவானது, ஆயினும் எளிதில் விரிசல் விடும். கரிசல் மண்ணாயின் மழைக்காலத்தில் கூடுதலாக வீங்கும். ஈரமான பக்கத்தில் வலு குறையும். நீர் ஊடுருவலும் குறையும்.

அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்தில் 1976 சூன் 5 அன்று டீட்டன் மண் அணை உடைந்து 11 பேர் இறந்தனர். அதன் உட்கருவில், எளிதில் அரிக்கக்கூடிய வண்டல் மண் உகந்த ஈரப்பதத்தைவிடச் சற்றுக் குறைவான ஈரத்தில் இறுக்கப்பட்டிருந்தது. பாறை விரிசல்கள் சரிவர அடைக்கப்படாததுடன், இறுகி விறைத்த இம்மண்ணில் வெடிப்பு ஏற்பட்டிருக்கக்கூடியதும் உள்ளரிப்புக்கு வழிவகுத்த காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

வரம்புகள்

களிமண் கலவாத தூய மணலுக்கு இச்சோதனை பொருந்தாது. அதன் வளைகோட்டில் தெளிவான உச்சி தோன்றுவதில்லை. அதற்கு அதிர்வு மேசையைக் கொண்டு சார்பு அடர்த்தி காணப்படுகிறது. பெரிய கற்கள் மிகுந்த மண்ணில், சலித்து நீக்கிய பகுதிக்காகத் திருத்தம் செய்தாக வேண்டும்.