சிப்பியோட்டின் ஓரத்தில் ஒரு கணக்கு

மன்னார்க் கடலின் முத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அம்முத்தைத் தாங்கிய ஓட்டைப் பற்றிப் பேசியோர் சிலரே. அரிப்புக்குத் தெற்கேயுள்ள சிலாவத்துறைக் கரையில் 19ஆம் நூற்றாண்டிலே முத்துச் சலாபப் பாளையங்கள் பலமுறை அமைந்தன. சிப்பிகளைக் கொட்டுகளில் அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பொறுக்கியபின் ஓடுகளை மணலிலே விட்டுச் சென்றனர். 1905ஆம் ஆண்டில், இன்னுந் தெற்கே மரிச்சுக்கட்டியில் பாளையமிட்டு நடந்த சலாபம் ஒன்றில் மாத்திரம் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. ஓட்டுக் குவியல் எவ்வளவிருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அத்தகைய ஓடொன்றைக் கையிலெடுப்போம். உட்புறத்தில் ஒளிரும் முத்துப்படை விளிம்புவரை எட்டுவதில்லை. விளிம்பையொட்டி மங்கலான ஓரமொன்று உண்டு. அதிலிருந்து மெல்லிய துண்டொன்றைப் பாடசாலை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், தேன்கூடு போன்ற தோற்றம் புலப்படும். கல்சியங் காபனேற்றாலான நுண்ணிய தூண்கள், மெல்லிய சேதனச் சுவர்களாற் பிரிக்கப்பட்டு, நெருங்கி நிற்கின்றன. நாம் காண்பது அவற்றின் தலைகளையே. ஆயினும் தேன்கூட்டின் ஒழுங்கு இங்கில்லை. ஐந்து பக்கமுள்ள அறைக்கு அருகில் ஏழு பக்கமுள்ள அறை. நாலு பக்கமுள்ளதும் எட்டுப் பக்கமுள்ளதும் இடையிடையே காணப்படும்.

இது வெறுந் தாறுமாறோ? அன்று. பெரும்பாலும் ஒவ்வொரு மூலையிலும் மூன்று சுவர்களே சந்திக்கின்றன. ஒரு சுவருக்கு இரு முனைகள். ஆகவே சுவர்களின் தொகை மூலைகளின் தொகையைப்போல் ஒன்றரை மடங்கு. அறைகளையும் மூலைகளையும் கூட்டிச் சுவர்களைக் கழித்தால் ஒன்றே எஞ்சும் என்பது 18ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஒயிலர் காட்டிய உண்மை. அறைகள் மிகப் பலவாயின் அந்த ஒன்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அப்போது ஓர் அறைக்கு மூன்று சுவர் வீதம் வரும். ஒவ்வொரு சுவரும் ஈரறைக்குப் பொதுவாதலால், பக்கங்களின் சராசரி ஆறு! கணக்கென்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாத மாணவர் இதனைத் தாளிலே வரைந்து பார்க்கலாம். சவர்க்கார நுரையின் ஒரு படைக்கும், வெள்ளரிக்காயின் மேற்றோலுக்கும் இதே கணக்குத்தான். அவ்வெள்ளரித் தோலை ஆராய்ந்த அமெரிக்கரான லூயிஸ், பக்கங் கூடக்கூட அறையின் சராசரிப் பரப்பும் சீராகக் கூடுவதை 1928இல் எடுத்துக் காட்டினார்.

சராசரியினும் சுவையானது அயலாரின் கதை. 1970இல் அபோவ் என்ற ஆய்வாளர், மகனீசியம் ஒட்சைட்டின் பளிங்குத் துணிக்கைகளை எண்ணி ஒரு விதியைக் கண்டார். ஒரு துணிக்கையின் பக்கத் தொகையால் எட்டை வகுத்து, ஐந்தைக் கூட்டினால், அதன் அயலவற்றின் சராசரிப் பக்கத் தொகை ஏறத்தாழக் கிட்டும். நாலு பக்கமுள்ளதன் அயலவைக்குச் சராசரி ஏழு. எட்டுப் பக்கமுள்ளதன் அயலவைக்கு ஆறு. 1974இல் அயர்லாந்துப் பௌதிகவியலாளர் வியர் இதனை மேலும் செப்பனிட்டார்.

காரணம் கேத்திரகணிதத்தில் இருக்கிறது. நாற்பக்க அறை தன் மூலையில் சராசரி 90 பாகையே எடுக்கிறது. முழுச் சுற்றான 360இல் எஞ்சிய 270 பாகையை இரு அயலவர் பகிர்ந்தால் ஆளுக்கு 135. அஃது எண்கோணியின் கோணம்! மற்ற மூலைகளில் வேறு அயலாரும் பங்கு கேட்பதால் எட்டென்பது ஏழளவில் நின்றுவிடுகிறது. ஓர் அறையின் பக்கக் குறைவு அவ்வறையோடு முடிவதில்லை. அயலறைகள் அதனை ஈடுசெய்கின்றன.

சிலாவத்துறைச் சிப்பியில் இவ்விதி எவ்வளவு துல்லியமாகப் பொருந்தும்? எண்ணிப் பார்ப்பதே வழி. நூறு அறைகளேனும் வேண்டும். காட்சிவட்டத்தின் ஓரத்தில் பாதியாக வெட்டுண்ட அறைகளைச் சேர்க்கக்கூடாது. அவற்றின் முழுப் பக்கங்களும் நமக்குத் தெரியா. நாலு, ஐந்து, ஆறு என அறைகளை வகுத்து, ஒவ்வொரு வகைக்கும் அயலவற்றின் சராசரியைத் தனித்தனியே குறித்துக்கொள்க. இருவர் சேர்ந்து, ஒருவர் எண்ண மற்றவர் எழுதினால் வேலை விரைவில் முடியும்.